புதிய கடல்நீர் மீன்தொட்டியில் அமோனியா: வன்னியில் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல் மீன் வளர்க்க ஆசைப்பட்டு முதல் தொட்டியை வைப்பவர்களிற் பலர், நீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிட்டதை நம்பி மூன்றாம் நாளே மீனை விடுகிறார்கள். பத்தாம் நாள் மீன் மிதக்கும்போதுதான் அமோனியா என்ற சொல் அவர்கள் காதில் விழுகிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தொட்டி வைத்திருப்போர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, எங்கள் கடலையும் வெயிலையும் மின்சாரத்தையும் மனதிற்கொண்டு, விடைகளுடன் இங்கே தருகிறேன்.

தொட்டியில் அழுக்கே தெரியவில்லை. அமோனியா எங்கிருந்து வருகிறது?

அமோனியா கண்ணுக்குத் தெரிவதில்லை. தொட்டியில் இருக்கும் சிறிய அளவில் மணப்பதும் இல்லை. மீன் உண்ணும் புரதத்தில் உள்ள நைதரசனில் உடலுக்குத் தேவைப்படாத பகுதி, பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியாகவே, அதாவது மீன் வெட்டும்போது நாங்கள் பூ என்று சொல்லும் அந்தச் சிவந்த பகுதி வழியாகவே, நீரிற் கலக்கிறது. மீன் ஒரு துளி எச்சம் விடாவிட்டாலும் மூச்சு விடும் நேரமெல்லாம் அமோனியாவை விட்டுக்கொண்டுதான் இருக்கும். உண்ணாமல் மணலுக்குள் புதைந்த உணவும், கல்லின் பின்புறம் செத்துக் கிடக்கும் நத்தையும், கழுவாத வடிகட்டிப் பஞ்சில் தேங்கிய கழிவும் அழுகும்போது இதே அமோனியாதான் வருகிறது. கடலில் இது ஒரு பொருட்டே அல்ல, ஏனென்றால் அங்கே நீரின் அளவுக்கு எல்லையில்லை, அமோனியாவை உண்ணும் நுண்ணுயிர்களும் உண்டு. புதிய தொட்டியில் விடுபவர் உண்டு, உண்பவர் இன்னும் வரவில்லை.

நன்னீர்த் தொட்டியில் இவ்வளவு பாடுபட்டதில்லையே, கடல்நீரில் மட்டும் ஏன் இந்தக் கவனம்?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் விளங்கும். நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மின்னேற்றம் பெற்ற அமோனியம். அது செவுளை எளிதிற் கடந்து உள்ளே போகாது, ஆகவே தீங்கு குறைவு. மற்றது மின்னேற்றமற்ற தனி அமோனியா. மீனைக் கொல்வது அதுவே. இவை இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதை நீரின் பி.எச். எனப்படும் அமில-கார அளவும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7 ஆக உள்ள நன்னீரில், 25 பாகை செல்சியசில், மொத்த அமோனியாவில் ஏறக்குறைய அரைச் சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். கடல்நீரின் பி.எச். இயல்பாகவே 8.2 அளவில் நிற்கிறது. அதே 25 பாகையில் அங்கே நச்சு வடிவம் ஏறக்குறைய 6 அல்லது 7 சதவீதம். வெப்பநிலை 30 பாகைக்கு ஏறினால் அது 9 சதவீதத்தைத் தொடுகிறது.

பங்குனி, சித்திரையில் தகரக் கூரையின் கீழ் வைத்த தொட்டி 30 பாகையை மிக எளிதாகத் தாண்டிவிடும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட அட்டவணையில் மொத்த அமோனியா லீற்றருக்கு ஒரு மி.கி. என்றால் "கவனிக்கவும்" என்று இருக்கலாம். எங்கள் வீட்டில் அதே ஒரு மி.கி., லீற்றருக்கு 0.09 மி.கி. தனி அமோனியாவாகிவிடுகிறது. மீன் வளர்ப்பில் பாதுகாப்பான எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 0.02 மி.கி. ஆகையால், மொத்த அமோனியா கால் மி.கி. காட்டினாலே எங்கள் தொட்டியில் எல்லையைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமோனியா தானாகப் போகுமா? எத்தனை நாள் செல்லும்?

அமோனியாவை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இந்த வேலை இரண்டு படிகளில், வெவ்வேறு நுண்ணுயிர்களால் நடப்பதை 1890 அளவில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரசிய அறிஞர் பிரித்துக் காட்டினார். மீன் வளர்ப்போர் மகிழ்ந்து நினைக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு: 2005 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நைத்திரோசோபியூமிலஸ் என்ற, அமோனியாவை உண்ணும் ஆர்க்கியா (பற்றீரியாவிலிருந்து வேறுபட்ட ஒரு குலம்) வகை நுண்ணுயிர், அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத்தின் வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றின் சரளைக் கல்லிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. எங்கள் தொட்டியின் மணலில் நடப்பதும் அதே வகை வேலைதான்.

இவை மிக மெதுவாகப் பெருகுபவை. குடலில் வாழும் சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அமோனியாவை உண்பவைக்கு அரை நாளோ ஒரு நாளோ, சில வேளை அதற்கு மேலோ தேவை. ஆகவே வெறும் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். முதலில் அமோனியா ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைத்திரைற்று ஏறும். பின்னர் அதுவும் இறங்கி நைத்திரேற்று மட்டும் எஞ்சும். எங்கள் வெப்பம் இவற்றின் பெருக்கத்தை விரைவாக்குகிறது; இந்த ஒரு விடயத்தில் மட்டும் அது எங்களுக்கு உதவுகிறது. இவை நீரில் மிதந்து வாழ்வதை விட, கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் துளைகளிலும் ஒட்டியே வாழ்கின்றன. எனவே பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளி நீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் பயன் மிகக் குறைவு. நோயில்லாத பழைய தொட்டியின் ஒரு பிடி மணலையோ ஒரு துண்டு வடிகட்டிப் பஞ்சையோ, காயவிடாமல், அத்தொட்டியின் நீருக்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்தால் இரண்டு கிழமை மிச்சமாகலாம்.

மீனை விடாமல் தொட்டியைப் பக்குவப்படுத்துவது எப்படி?

இரண்டு வழிகள் உள்ளன. எளிய வழி இறால். சந்தையில் வாங்கிய நடுத்தர அளவு பச்சை இறால் ஒன்றை, நந்திக்கடல் இறாலாக இருந்தாலும் சரி, பழைய காலுறைத் துணியிற் கட்டி 100 லீற்றர் தொட்டிக்குள் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் அது வெளுத்து, விளிம்புகளில் பஞ்சு படர்ந்ததுபோலப் பூஞ்சணம் பிடித்து, அழுகத் தொடங்கும், அமோனியா ஏறும். இதன் குறை, எவ்வளவு ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதே. சோதனையில் 2 மி.கி. தாண்டியதும் துணியோடு வெளியே எடுத்துவிடுங்கள்.

நான் விரும்புவது இரண்டாம் வழி. ஆய்வுகூடத் தரமுள்ள அமோனியம் குளோரைட்டு 6.3 கிராமை ஒரு லீற்றர் சுத்தமான நீரிற் கரைத்துப் போத்தலில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் 100 மில்லிலீற்றரை 100 லீற்றர் தொட்டிக்குள் ஊற்றினால் மொத்த அமோனியா ஏறக்குறைய 2 மி.கி. உயரும். சமையலறைத் தராசில் 0.63 கிராமை நிறுக்க முடியாது என்பதற்காகவே இந்தச் சுற்றுவழி. அமோனியா பூச்சியத்துக்கு வந்த பின் மறுபடி அதே அளவு ஊற்றுங்கள். ஊற்றிய 24 மணி நேரத்துக்குள் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டுமே பூச்சியமாகும் நாள்தான் தொட்டி பக்குவப்பட்ட நாள்; நாட்காட்டியில் ஆறு கிழமை முடிந்த நாள் அல்ல.

டாம்சல் போன்ற மலிவான மீன் இரண்டை விட்டு "தொட்டியைப் பழக்கும்" வழியைச் சில கடைகளில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மீன்கள் ஒரு மாதம் செவுள் எரிந்து வாழ்கின்றன அல்லது சாகின்றன. தப்பிய டாம்சல் பின்னர் வரும் மீன்களைக் கடித்துத் துரத்துவதும் உறுதி. தேவையில்லாத இந்தத் துன்பத்தை எந்த உயிருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் யூரியா இருக்கிறது. அதைப் போட்டால் என்ன?

வயல் செய்யும் வீடுகளில் யூரியா மூடை இருப்பதால் இந்தக் கேள்வி வருவது இயல்பே. யூரியா அமோனியா அல்ல. சில நுண்ணுயிர்கள் அதை உடைத்த பின்னரே அமோனியா வெளிவரும், அது எப்போது எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதைச் சொல்ல முடியாது. சோதனைப் பெட்டி யூரியாவைக் காட்டாது. நீங்கள் ஒரு கரண்டி போடுவீர்கள். சோதனை பூச்சியம் என்று சொல்லும். இன்னொரு கரண்டி போடுவீர்கள். ஒரு கிழமை கழித்து எல்லாம் சேர்ந்து ஒன்றாக வெளிவரும். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம் உண்மையில் அமோனியம் குளோரைட்டுத்தான். ஆனால் கடையில் கட்டியாக விற்பதில் என்னென்ன உலோகங்கள் கலந்திருக்கும் என்று தெரியாததால் அதையும் நான் சேர்ப்பதில்லை.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, நேரே நீரை அள்ளி ஊற்றலாமா?

அள்ளலாம், ஆனால் எங்கே, எப்போது, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் தொட்டி 120 லீற்றர். ஒரு கார்த்திகை மாதத்தில், மழை விட்ட இரண்டாம் நாள், வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்டவாக ஆறு கான்களில் நீர் அள்ளி, மூடியை இறுக்கி, வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று நாள் வைத்திருந்தேன். நான்காம் நாள் முதற் கானின் மூடியைத் திறந்தபோது கூழ்முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. உட்பக்கம் விரலை வைத்தால் வழுக்கும் மெல்லிய படலம் பிடித்திருந்தது. காற்றோட்டம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து ஊற்றினேன். இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். மறுநாள் மாலை இரண்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மூடி எண்ண முடியாத வேகத்தில் அடித்தது. விரிந்த இடைவெளியில் தெரிந்த செவுள் கருஞ்சிவப்பாக இருந்தது. விடிவதற்குள் இரண்டும் போய்விட்டன.

என் பிழைகள் மூன்று. முதலாவது, அது கடல்நீரே அல்ல. மாரியில் முகத்துவாரம் திறந்து நந்திக்கடலின் மழைநீர் வெளியே பாயும் இடம் அது. பின்னர் மானியில் அளந்தபோது அடர்த்தி 1.015 காட்டியது, தேவைப்பட்டதோ 1.025. நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளின் வாய்ப் பகுதிகளுக்கும் இதுவே பொருந்தும். இரண்டாவது, கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் நிறைய இருக்கின்றன. காற்றில்லாத கானுக்குள் வெயிலில் அவை செத்து அழுகி அமோனியாவாகின்றன. மூன்றாவது, ஊற்றுமுன் நான் அந்த நீரைச் சோதிக்கவில்லை.

இப்போது நான் சோழகம் ஓய்ந்த நாட்களில், மழை தொடங்குமுன், வெளிக்கடலுக்குப் போகும் படகுக்காரரிடம் கான்களைக் கொடுத்து, கரையிலிருந்தும் எண்ணெய் மிதக்கும் இறங்குதுறையிலிருந்தும் விலகிய இடத்தில் அள்ளித் தரச் சொல்கிறேன். கொண்டுவந்த நீரை அன்றே துணியில் வடித்து, ஒளிபடாத பீப்பாயில் காற்றுக்கல் போட்டு இரண்டு கிழமை வைத்திருக்கிறேன். அமோனியா பூச்சியம் என்று கண்ட பின்னரே அது தொட்டிக்குள் போகிறது. வவுனியாவில் இருப்போருக்குக் கடல் தொலைவு. அவர்கள் கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையை வாங்கிக் கரைப்பதே நல்லது. குழாய்நீரில் கரைப்பவர்கள் குளோரீனை நீக்க மறக்கக்கூடாது, ஏனென்றால் அது மீனையும் கொல்லும், அமோனியாவை உண்பவற்றையும் கொல்லும்.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா?

ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கல்சியம் முந்திப் படிகிறது, மக்னீசியம் கடைசி நீரோடு வடிந்துபோகிறது. பாத்தியில் அள்ளுவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே. கடல்நீரின் பி.எச். அளவைத் தாங்கி நிற்கும் காபனேற்றுகள் அதில் இல்லை. அமோனியாவை நைத்திரேற்றாக்கும் வேலை அமிலத்தை உண்டாக்குகிறது. தாங்கும் பொருள் இல்லாத நீரில் பி.எச். சரிந்து, அந்த வேலையே இடையில் நின்றுவிடும். ஆனையிறவு உப்பு கருவாட்டுக்கு மிகச் சிறந்தது.

கல்லும் மணலும் எங்கே எடுப்பது?

கடலிலிருந்து உயிருள்ள முருகைக்கல்லை உடைத்து எடுக்காதீர்கள். இலங்கையில் அது சட்டப்படி குற்றம், மீன்கள் குஞ்சு பொரித்து வாழும் இடத்தையும் அது அழிக்கிறது. துளைகள் நிறைந்த உலர்ந்த கல்லையும் பீங்கான் வளையங்களையும் வாங்கிக்கொண்டால் நுண்ணுயிர்கள் அதில் தாமாகக் குடியேறும். இடிந்த பழைய வீட்டுச் சுவரின் முருகைக்கல்லைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதில் சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்தால் பி.எச். ஏறும், ஏறினால் இருக்கும் அமோனியாவில் நச்சுப் பங்கும் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

சோதனைப் பெட்டியை நம்பலாமா?

நம்பலாம், சரியாக வாசித்தால். கடல்நீருக்குப் பொருந்துவது சலிசிலேற்று முறையில் அமைந்தது. மஞ்சளிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும். துளிகளை விட்டபின் அறிவுறுத்தலில் சொன்ன நிமிடங்கள் முழுவதும் காத்திருக்க வேண்டும். காலை ஏழு மணி வெளிச்சத்தில், வெயில் நேரே படாத முற்றத்தில், குழாயை வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் பூச்சியமும் கால் மி.கி.யும் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஐயம் வந்தால், அமோனியா இல்லை என்று உறுதியாகத் தெரிந்த நீரைப் பக்கத்துக் குழாயில் சோதித்து ஒப்பிடலாம். மருந்துப் போத்தல்களைச் சன்னலோரத்தில் வைத்தால் எங்கள் வெயிலில் காலாவதித் திகதிக்கு முன்னரே கெட்டுவிடும்.

மீனை விட்டாயிற்று. இப்போது அமோனியா ஒரு மி.கி. காட்டுகிறது. என்ன செய்வது?

உணவை உடனே நிறுத்துங்கள். நலமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருக்கும். காற்றுக்கல்லைக் கூட்டிப் போடுங்கள். பிறகு, அதே உப்பளவும் அதே வெப்பமும் உள்ள, சோதித்துப் பூச்சியம் என்று கண்ட நீரால் தொட்டியின் பாதியை மாற்றுங்கள். பாதி மாற்றினால் அமோனியாவும் பாதியாகும், ஒரு மி.கி. அரையாகும், அவ்வளவுதான். மறுநாள் மறுபடி சோதித்து, மறுபடி மாற்ற வேண்டும். இதனால்தான் தொட்டியின் அளவுக்கு ஒத்த நீரை எப்போதும் பீப்பாயில் ஆயத்தமாக வைத்திருக்கச் சொல்கிறேன். முள்ளியவளையில் இரவு பத்து மணிக்குக் கடல்நீர் வாங்க எந்தக் கடையும் திறந்திருக்காது. அமோனியாவைக் கட்டிவைக்கும் மருந்து கையில் இருந்தால் போத்தலில் சொன்ன அளவு போடலாம். அது மீனுக்கு நேரம் வாங்கித் தரும், ஆனால் காரணத்தைத் தீர்க்காது. சில சோதனைப் பெட்டிகள் கட்டிவைக்கப்பட்ட அமோனியாவையும் சேர்த்துக் காட்டும் என்பதால், மருந்து போட்ட பின் எண் இறங்கவில்லை என்று பயந்து இரட்டிப்பு அளவு ஊற்ற வேண்டாம்.

இந்த நாட்களில் வடிகட்டியைக் கழுவாதீர்கள். பதற்றத்தில் பலர் செய்யும் முதல் வேலை அதுதான். இருக்கும் சொற்ப நுண்ணுயிர்களும் கிணற்றடியில் போய்விடும்.

சியோலைற்று என்ற துளைகள் நிறைந்த கனிமத்தைப் போட்டால் அமோனியாவை உறிஞ்சுமாமே?

நன்னீரில் உறிஞ்சும். கடல்நீரில் சோடியம் மிக அதிகம் என்பதால் அதுவே சியோலைற்றின் இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அமோனியத்துக்கு இடம் மிஞ்சுவதில்லை.

மின்சாரம் நின்றால் அமோனியா ஏறுமா?

ஏறும், அதுவும் இரண்டு பக்கமாக. ஒரு கிராம் நைதரசன் அளவுள்ள அமோனியாவை நைத்திரேற்றாக்க நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய நாலரைக் கிராம் ஒட்சிசன் வேண்டும். 30 பாகையில் கடல்நீர் லீற்றருக்கு ஏறக்குறைய 6.2 மி.கி. ஒட்சிசனையே தாங்கும், நன்னீர் 7.5 மி.கி. தாங்கும். ஆகவே மோட்டார் நின்றதும் மீனும் நுண்ணுயிரும் அதே சொற்ப ஒட்சிசனுக்குப் போட்டியிடுகின்றன. மூடிய வடிகட்டி வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: சில மணி நேரம் நீரோட்டம் நின்ற வடிகட்டிக்குள் நுண்ணுயிர்கள் மூச்சடைத்துச் சாகத் தொடங்கும், மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். நீண்ட மின்தடைக்குப் பிறகு வடிகட்டியின் முதல் நீரை வாளியில் விட்டுக் கொட்டிவிட்டே இணைக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்று மோட்டார் ஒன்று, வாடைக்காற்றில் மரம் முறிந்து கம்பி அறும் மாதங்களில், மற்ற எந்தக் கருவியையும் விடப் பெறுமதியானது.

நைத்திரைற்று மிக அதிகமாகக் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

நன்னீர் அளவுக்கு வேண்டாம். கடல்நீரில் உள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கிறது. தொட்டி பக்குவப்படுவதில் பாதி தூரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொண்டு காத்திருங்கள்.

முதல் மீனை எப்போது, எத்தனை விடலாம்?

இரண்டு முறை தொடர்ந்து 24 மணி நேரத்தில் பூச்சியமாகிய பின், நீரில் மூன்றிலொன்றை மாற்றி, சேர்ந்திருக்கும் நைத்திரேற்றைக் குறைத்துவிட்டு, 100 லீற்றருக்கு ஒரு சிறிய மீனை அல்லது ஒரு சோடிக் கோமாளி மீன் குஞ்சுகளை விடுங்கள். நுண்ணுயிர்கள் கிடைக்கும் உணவின் அளவுக்கே பெருகியிருக்கும். ஒரே நாளில் ஐந்து மீனை விட்டால், பக்குவப்பட்ட தொட்டியும் சில நாட்களுக்குப் புதிய தொட்டியாகிவிடும். அடுத்த மீனுக்கு மூன்று கிழமை இடைவெளி விடுங்கள். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் அமோனியாவைச் சோதித்து, எண்ணையும் வெப்பநிலையையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். உணவை, மீன் ஒரு நிமிடத்துக்குள் உண்டு முடிக்கும் அளவுக்கு, இரண்டு விரல் நுனியால் கிள்ளிப் போட்டாற் போதும்.